மிஷிமா ஏன் இன்னும் செய்தியில் வருகிறார்?: ஒரு ஜப்பானிய நாவலாசிரியரின் வாழ்வும் அவர் விட்டுச்சென்ற சிக்கலும்

ஜப்பானின் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பழைய படமும் கூடவே வந்துவிடுகிறது. ராணுவச் சீருடை, நெற்றியில் கட்டிய துணி, மாடத்தின் விளிம்பில் நின்று கீழே கூடியிருக்கும் சிப்பாய்களைப் பார்த்துக் கத்தும் ஒரு மனிதர். கீழே 'நாவலாசிரியர் யுகியோ மிஷிமா, 1970' என்று இருக்கும். 2025 ஜனவரி 14 அவருடைய நூற்றாண்டு. புதிதாகப் பார்ப்பவருக்கு இயல்பாகவே கேள்விகள் வரும். நாவல் எழுதுகிறவருக்கு ராணுவ முகாமில் என்ன வேலை? அன்றைக்கே இறந்தவர் எப்படி இன்றைய அரசியலில் இருக்கிறார்? அவரைத் தியாகி என்கிறவர்கள் சரியா, பைத்தியம் என்கிறவர்கள் சரியா?

இரண்டு பதிலும் அவசரமானவை என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. மிஷிமா கேட்டது என்ன என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டால் தியாகி என்ற பட்டம் தடுமாறுகிறது. அவர் எழுதியதை முழுக்கப் படித்தால் பைத்தியம் என்ற பட்டமும் நிற்காது. அடிப்படையிலிருந்து போவோம்.

## முதலில் தெரிந்திருக்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

1. பிரிவு 9. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் புதிய அரசமைப்புச் சட்டத்தைப் பெற்றது. 1947 மே 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 9-ஆம் பிரிவு போர் செய்யும் உரிமையைக் கைவிடுகிறது. தரை, கடல், வான் படைகளை வைத்துக்கொள்வதில்லை என்றும் சொல்கிறது.

2. தற்காப்புப் படை. படையே இல்லை என்று எழுதிவைத்த நாட்டில் 1954-ல் ஒரு படை உருவானது. பெயர்தான் தற்காப்புப் படை. பீரங்கி, கப்பல், விமானம் எல்லாம் உண்டு. இந்த முரண்பாட்டை அடுத்தடுத்த அரசுகள் விளக்கங்களால் சமாளித்து வருகின்றன. மிஷிமாவின் கோபம் சரியாக இந்த இடத்தில்தான் குவிந்தது.

3. பேரரசரின் மனிதப் பிரகடனம். போருக்கு முன் பேரரசர் தெய்வ அம்சம் கொண்டவராகக் கருதப்பட்டார். 1946 ஜனவரி 1 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ வெளியிட்ட அறிக்கை அந்தக் கருத்தைக் கைவிட்டது. புதிய சட்டம் அவரை நாட்டின் சின்னம் என்ற இடத்தில் வைத்தது.

4. 1936 பிப்ரவரி 26. இளம் ராணுவ அதிகாரிகள் சிலர், பேரரசரின் நேரடி ஆட்சியைக் கொண்டுவருவதாகச் சொல்லி டோக்கியோவில் கலகம் செய்தார்கள். அமைச்சர்கள் கொல்லப்பட்டனர். ஆனால் யாருடைய பெயரால் கலகம் செய்தார்களோ அந்தப் பேரரசரே அதை ஒடுக்க உத்தரவிட்டார். தலைவர்களுக்கு மரண தண்டனை. மிஷிமாவுக்கு அப்போது 11 வயது.

5. செப்புக்கு. சாமுராய் மரபில் வயிற்றைக் கீறிக்கொண்டு இறக்கும் சடங்கு. 1970-ல் ஜப்பானியர்களுக்கே அது வரலாற்றுப் பாடமும் சினிமாக் காட்சியுமாகத்தான் இருந்தது. நடப்பு வாழ்க்கையில் அதற்கு இடமே இல்லை. அன்றைய அதிர்ச்சியின் அளவு இதனால்தான்.

## பாட்டியின் அறையிலிருந்து நிதி அமைச்சகம் வரை

இயற்பெயர் கிமிதாகே ஹிராவோகா. 1925-ல் டோக்கியோவில் பிறந்தார். தாத்தா, சகாலின் தீவின் தென்பாதி ஜப்பான் வசம் இருந்த காலத்தில் அதன் ஆளுநராக இருந்தவர். தந்தை வேளாண் அமைச்சக அதிகாரி. ஆனால் குழந்தைப் பருவத்தைத் தீர்மானித்தவர் பாட்டி நட்சுகோ. சாமுராய் வம்சப் பெருமையும் தீராத நோயும் கொண்ட அந்த அம்மாள், பேரனைப் பிறந்த சில வாரங்களிலேயே தாயிடமிருந்து வாங்கித் தன் அறையில் வைத்து வளர்த்தார். சத்தம் போடக்கூடாது, பையன்களோடு விளையாடக்கூடாது. 12 வயதில்தான் பெற்றோரோடு வாழத் திரும்பினார். இருட்டு அறை, நோய், பழைய காலக் கதைகள், நாடகம்: பின்னாளில் அவர் எழுதியவற்றின் கச்சாப்பொருள் பெரும்பாலும் இங்கேயே சேர்ந்துவிட்டது.

பிரபுக்களின் பிள்ளைகள் படித்த கக்குஷுயின் பள்ளியில் படித்தார். 16 வயதில் ஓர் இலக்கிய இதழில் முதல் கதை வந்தது. ஆசிரியர்கள் கூடி யுகியோ மிஷிமா என்ற புனைபெயரைக் கொடுத்தார்கள். 1944-ல் முதல் மாணவராகத் தேறி, பேரரசரின் பரிசாக வெள்ளிக் கடிகாரம் பெற்றார்.

அடுத்த நிகழ்ச்சி முக்கியமானது. 1945 பிப்ரவரியில் ராணுவத்துக்கு அழைப்பு வந்தது. உடல் பரிசோதனைக்குப் போனபோது அவருக்குக் காய்ச்சல். மருத்துவர் அதை நுரையீரல் நோய் என்று தவறாக எடுத்துக்கொண்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இவர் தப்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து இதே காட்சியை நாவலில் எழுதியபோது, கதைசொல்லி மருத்துவரிடம் இல்லாத அறிகுறிகளைச் சொல்வதாக அமைத்தார். தப்பித்ததில் இருந்த மகிழ்ச்சியும், அந்த மகிழ்ச்சி தந்த அவமானமும் அந்தப் பக்கங்களில் ஒன்றாக இருக்கின்றன. பிற்காலத்தில் சீருடையின் மேல் அவருக்கு வந்த வெறியை இந்த ஒரு நாளை விட்டுவிட்டு விளக்க முடியாது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1947 கடைசியில் நிதி அமைச்சகத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒரு வேலை கிடையாது. ஓர் ஆண்டுகூட ஆகாமல், எழுதுவதற்காக அதை விட்டுவிட்டார்.

## முகமூடியும் பொற்கோயிலும்

1949-ல் வந்த 'ஒரு முகமூடியின் ஒப்புதல்' அவரை 24 வயதில் பிரபலமாக்கியது. தன் ஆசை ஆண்களை நோக்கியது என்று சிறுவயதிலேயே உணர்ந்துகொண்ட ஒருவன், அதை மறைத்துச் சாதாரணமானவனாக நடிக்கக் கற்றுக்கொள்ளும் கதை. அம்புகள் தைத்த புனித செபாஸ்டியனின் ஓவியத்தைப் பார்த்து அந்தச் சிறுவனுக்கு முதன்முதலில் கிளர்ச்சி வருகிறது. அழகு, வலி, மரணம் மூன்றும் ஒரே முடிச்சில் விழுவது அங்கிருந்துதான். போருக்குப் பிந்தைய ஜப்பானில் இப்படி ஒரு தன்வரலாற்று நாவல் வந்ததே துணிச்சல். அதைவிட, நடிப்பு என்பது அந்தப் பையனுக்கு எப்படி மூச்சுவிடுவதைப் போல ஆகிவிடுகிறது என்று காட்டிய விதம் இன்றும் புதிதாகவே இருக்கிறது.

1952-ல் கிரேக்கம் போய்வந்தார். வெயில், பளிங்கு, ஆரோக்கியமான உடல் எல்லாம் அவருக்குப் பெரிய கண்டுபிடிப்பு. அதன் பலன் 1954-ல் வந்த 'அலையோசை' என்ற மீனவக் கிராமத்துக் காதல் கதை. 1955-ல் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தொடங்கினார். நோஞ்சானாக இருந்தவர் சில வருடங்களில் ஆளே மாறினார்.

அப்புறம் 1956. 'பொற்கோயில்' நாவல்.

1950 ஜூலை 2 அதிகாலையில் கியோட்டோவின் கின்காகுஜி என்ற பொற்கோயிலுக்கு அங்கேயே இருந்த ஓர் இளம் துறவி தீ வைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற கட்டடம் எரிந்து போயிற்று. ஏன் செய்தார் என்பதற்கு நாளிதழ்களில் தெளிவான விடை இல்லை. மிஷிமா ஆவணங்களைத் தேடினார், இடங்களைப் போய்ப் பார்த்தார், கடைசியில் தனக்கான ஒரு துறவியை உருவாக்கினார். மிசோகுச்சிக்குத் திக்குவாய். வாயைத் திறப்பதற்குள் உலகம் நகர்ந்துவிடுகிறது. கோயிலின் அழகு அவனுக்குள் அவ்வளவு பெரிதாக வளர்ந்து நிற்க, ஒரு பெண்ணைத் தொடப்போகும் நேரத்தில்கூட அது குறுக்கே வருகிறது. வாழ வேண்டுமானால் அது எரிய வேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். குற்றம் செய்தவனின் தர்க்கத்துக்குள் நம்மைப் படிப்படியாக இழுத்துச் சென்று, ஒரு கட்டத்தில் 'ஆமாம், வேறு வழியில்லைதான்' என்று நினைக்கவைப்பதுதான் இதன் பயங்கரமான திறமை.

கவனிக்க வேண்டிய ஒன்று. நிஜத் துறவி தீ வைத்தபின் தற்கொலைக்கு முயன்றார். நாவலின் துறவியோ நஞ்சையும் கத்தியையும் வீசி எறிந்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, வாழ்வோம் என்று நினைக்கிறான். சாவுதான் இவருடைய ஒரே கருப்பொருள் என்று சொல்கிறவர்கள் இந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 31 வயது மிஷிமா, தீயிட்டவனை வாழவிட்டார்.

## ஒரு வழக்கும் ஒரு மிரட்டலும்

1958-ல் ஓவியர் யாசுஷி சுகியாமாவின் மகளைத் திருமணம் செய்துகொண்டார், இரு குழந்தைகள். நாவல், நாடகம், சினிமா நடிப்பு, புகைப்படங்களுக்கு மாடல் என்று எங்கும் அவர்தான். பெரும் உழைப்பில் எழுதி 1959-ல் வெளியிட்ட 'கியோகோவின் வீடு' மட்டும் விமர்சகர்களிடம் தோற்றது. அது அவரை ஆழமாகக் காயப்படுத்தியது.

1960-ல் வந்த 'விருந்துக்குப் பின்' ஒரு சட்டப் பிரச்சினையாக மாறியது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹாச்சிரோ அரிதா 1959-ல் டோக்கியோ ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றவர். நாவல் தன் வாழ்க்கையையும் மனைவியையும் அப்பட்டமாக எடுத்தாண்டது என்று வழக்குப் போட்டார். 1964 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 8 லட்சம் யென் இழப்பீடு வழங்கச் சொன்னது. தனிமனித அந்தரங்கத்தை ஓர் உரிமையாக ஜப்பானிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முதல் தீர்ப்பு இது. அந்தரங்கம் மீறப்பட்டதா என்று பார்க்க நீதிமன்றம் சொன்ன அளவுகோல்கள் எளிமையானவை:

1. வெளியிடப்பட்டது தனிவாழ்க்கை உண்மையாக, அல்லது வாசகர் அப்படி எடுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.
2. சாதாரண மனிதர் வெளியே தெரிய விரும்பாத ஒன்றாக இருக்க வேண்டும்.
3. அதுவரை பொதுமக்களுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும்.

ஜப்பானில் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் மிஷிமாவின் பெயரை முதலில் சந்திப்பது இந்த வழக்கில்தான் இருக்கும். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது அரிதா இறந்தார். 1966-ல் சமரசம் ஆனது.

மிரட்டல் வேறு திசையிலிருந்து வந்தது. 1960 கடைசியில் ஷிச்சிரோ ஃபுகசாவா எழுதிய ஒரு சிறுகதையில், பேரரசர் குடும்பத்தினர் தலை வெட்டப்படுவதாகக் கனவு வரும். 1961 பிப்ரவரி 1 அன்று 17 வயது வலதுசாரி ஒருவன் அதை வெளியிட்ட பதிப்பாளரின் வீட்டுக்குள் புகுந்து பணிப்பெண்ணைக் கொன்றான், பதிப்பாளரின் மனைவியைப் படுகாயப்படுத்தினான். அந்தக் கதையைப் பத்திரிகைக்குப் பரிந்துரைத்தவர் மிஷிமா என்று ஒரு வதந்தி. அவருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. பத்தே வருடத்தில் வலதுசாரிகளின் தெய்வமாகப் போகிறவர், அன்று அவர்களுக்குப் பயந்து காவலோடு நடமாடினார். அவரை ஆரம்பத்திலிருந்தே தீவிர வலதுசாரி என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

## அவர் உண்மையில் என்ன கேட்டார்?

அவருடைய அரசியல் 1960-களில் படிப்படியாகக் கட்டப்பட்டது. 1961-ல் வந்த 'தேசப்பற்று' கதை, பிப்ரவரி 26 கலகத்தில் சேராமல் விடப்பட்ட ஒரு இளம் அதிகாரி, தோழர்களைத் தாக்க உத்தரவு வரும் முன் மனைவியோடு சேர்ந்து இறப்பதைச் சொல்வது. 1966-ல் அதைத் தானே இயக்கி, தானே நடித்துப் படமாகவும் வெளியிட்டார். அவருடைய மையக் கருத்துகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. பேரரசர் என்பது பண்பாட்டின் அச்சு. 1968-ல் எழுதிய 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கட்டுரையின் வாதம் இது. கவிதை, சடங்கு, வாள் என்று சிதறிக்கிடக்கும் ஜப்பானியப் பண்பாட்டை முழுமையாக்கி, தொடர்ச்சி கொடுப்பவர் பேரரசர். போர்க்கால ராணுவ அரசு அவரைப் பயன்படுத்தியதும் தவறு, போருக்குப் பின் அவரை வெறும் சின்னமாக்கியதும் தவறு.

2. ஹிரோஹிட்டோ மீதே குற்றச்சாட்டு. 1966-ல் வந்த 'மாவீரர் ஆவிகளின் குரல்' என்ற படைப்பில், பிப்ரவரி 26 அதிகாரிகளின் ஆவிகளும் விமானத்தோடு மோதி இறந்த காமிகாசே வீரர்களின் ஆவிகளும் பேசுகின்றன. தெய்வம் என்று நம்பித்தானே இறந்தோம், பேரரசர் ஏன் மனிதரானார் என்று புலம்புகின்றன. வழக்கமான அரச விசுவாசி யாரும் எழுதத் துணியாதது இது.

3. தற்காப்புப் படை தன் அடையாளத்தைக் கேட்க வேண்டும். தன்னையே மறுக்கும் சட்டத்தைக் காக்கிற படை, படையல்ல என்பது அவர் வாதம்.

4. செல்வம் ஆன்மாவைத் தின்கிறது. 1970 ஜூலையில் ஒரு நாளிதழ்க் கட்டுரையில், இப்படியே போனால் ஜப்பான் என்ற ஒன்று மறைந்து, வெறுமையும் சாமர்த்தியமும் நிறைந்த ஒரு பணக்காரப் பொருளாதார நாடு மட்டும் தூரக்கிழக்கில் எஞ்சும் என்று எழுதினார். இன்று அவரைப் பற்றிய விவாதங்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் பகுதி இதுவே.

முதல் கருத்தில் அழகு இருக்கிறது; நிரூபணம் இல்லை. ஆயிரம் வருடப் பண்பாட்டை ஒரு சிம்மாசனத்தில் கட்டிப்போட்டால் விவசாயிகளும் வணிகர்களும் கபுகி என்ற மரபு நாடகத்தின் நடிகர்களும் உருவாக்கிய பண்பாடு எங்கே போவது? கபுகிக்காக நாடகங்களே எழுதிய மனிதர் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது வருத்தம்தான். நான்காவது கருத்து வேறு வகை. ஒரு நாவலாசிரியரின் கூர்ந்த பார்வை அதில் இருக்கிறது. அவருடைய தீர்வை ஏற்காதவர்களும் அந்த நோயறிதலை ஒதுக்குவதில்லை.

1967-ல் தனி ஆளாகத் தற்காப்புப் படை முகாம்களில் பயிற்சி எடுத்தார். 1968 அக்டோபரில் 'கேடயச் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கல்லூரி மாணவர்கள் நூறு பேருக்குள், ஆயுதம் கிடையாது, அழகாகத் தைத்த சீருடை மட்டும் உண்டு. 1969 மே 13 அன்று டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இடதுசாரி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் முன் தனியாக நின்று விவாதித்தார். பேரரசர் என்ற ஒரு சொல்லை மட்டும் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களோடு கைகோப்பேன் என்ற பொருளில் அவர்களிடம் பேசினார். இரு தரப்பும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்ட அந்த விவாதத்தின் படச்சுருளைப் பார்த்தால் இன்றைய தொலைக்காட்சி விவாதங்கள்மீது கோபம் வரும்.

1969 அக்டோபர் 21-ல் நடந்த போர் எதிர்ப்புப் போராட்டம்தான் திருப்பம். கலவரம் முற்றும், போலீசால் முடியாமல் ராணுவம் இறங்கும், அந்தச் சூழலில் சட்டத்திருத்தம் சாத்தியமாகும் என்று மிஷிமா எதிர்பார்த்தார். போலீசே அடக்கிவிட்டது. ராணுவம் தேவைப்படவே இல்லை. அவர் எண்ணியிருந்த மேடை அன்றோடு மறைந்துவிட்டது.

## நான்கு நாவல்கள், இந்தியா

இதே வருடங்களில், 1965 முதல், 'வளமைக் கடல்' என்ற நான்கு நாவல் வரிசையை மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் நிலவிலுள்ள வறண்ட சமவெளி ஒன்றினுடையது. ஹோண்டா என்ற வழக்கறிஞர் நான்கிலும் வருகிறார். முதல் நாவலில் இளமையில் இறக்கும் நண்பன் கியோவாக்கி அடுத்தடுத்த நாவல்களில் மறுபிறவி எடுப்பதாக அவர் நம்புகிறார். உடலில் இருக்கும் மூன்று மச்சங்கள் அடையாளம்.

மறுபிறவியை எழுத அவர் பௌத்தத்தின் யோகாசாரப் பள்ளியை எடுத்துக்கொண்டார். நிலையான ஆன்மா இல்லை, ஆனால் வினைகளின் விதைகள் தங்கும் ஆலய விஞ்ஞானம் என்ற ஆழ்மன ஓட்டம் உண்டு என்பது அசங்கர், வசுபந்து என்ற பழைய பௌத்த அறிஞர்களின் வழிவந்த கொள்கை. 1967-ல் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்தார். அஜந்தா, காசி, கல்கத்தா எல்லாம் பார்த்தார். மூன்றாம் நாவலான 'விடியலின் ஆலய'த்தில் இவை அப்படியே வருகின்றன. காசியின் படித்துறையில் எரியும் பிணங்களைப் பார்த்து ஹோண்டா நிலைகுலைந்து போகிறார். மரணத்தை அழகாக, வீரமாக, தனித்த செயலாக மட்டுமே கற்பனை செய்துவந்த ஒரு மனம், மரணம் அன்றாட வேலையாக நடக்கும் இடத்தைப் பார்த்ததன் அதிர்ச்சி அது. நான்கு நாவல்களிலும் இதற்கு இணையான பக்கங்கள் சிலவே.

இரண்டாவது நாவலான 'ஓடும் குதிரைகள்' அரசியல் வாசகர்களுக்குப் பிடித்தது. இசாவோ என்ற இளைஞன் தேசத்தைத் தூய்மைப்படுத்த ஒரு தொழிலதிபரைக் கொன்றுவிட்டுச் செப்புக்கு செய்துகொள்கிறான். மிஷிமா தன் முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டார் என்று சொல்ல இந்த நாவலைக் காட்டுவார்கள். ஆனால் வரிசை அங்கே முடியவில்லை. நான்காவதில், மறுபிறவி என்று ஹோண்டா தத்தெடுக்கும் பையன் போலி என்று தெரிகிறது. கடைசி அத்தியாயத்தில் 81 வயது ஹோண்டா, கியோவாக்கியின் காதலியாக இருந்து இப்போது மடத்தின் தலைவியாக இருக்கும் சாதோகோவைப் பார்க்கப் போகிறார். அவர், கியோவாக்கி என்று ஒருவரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்கிறார். அப்படியானால் இசாவோவும் இல்லை, ஒருவேளை நானும் இல்லையோ என்று ஹோண்டா திகைக்கிறார். வெயில் காயும் வெற்றுத் தோட்டத்தில் நாவல் முடிகிறது.

அந்தக் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தேதி 1970 நவம்பர் 25.

## அந்த நாள்

அன்று காலை கடைசித் தவணையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு, கேடயச் சங்கத்தின் நான்கு இளைஞர்களோடு டோக்கியோவில் தற்காப்புப் படையின் இச்சிகாயா முகாமுக்குப் போனார். தளபதி மஷிதாவைச் சந்திக்க முன்பே நேரம் வாங்கியிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைக் கட்டிப்போட்டார்கள். காப்பாற்ற வந்த அதிகாரிகள் சிலர் வாளால் காயம்பட்டார்கள். சிப்பாய்களைத் திரட்டச் சொல்லி, நண்பகலில் மாடத்தில் நின்று பேசினார்: உங்களை மறுக்கும் சட்டத்தை ஏன் காக்கிறீர்கள், என்னோடு எழுபவர் யாருமில்லையா? ஒலிபெருக்கி இல்லை. மேலே ஹெலிகாப்டர்களின் இரைச்சல். கீழே கேலியும் வசையும். பத்து நிமிடத்துக்குள் பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போனார். அங்கே செப்புக்கு செய்துகொண்டு இறந்தார். அவரைத் தொடர்ந்து, உடன்வந்த நால்வரில் ஒருவரான மசகாட்சு மொரிதாவும் இறந்தார். மற்ற மூவருக்கும் 1972-ல் நான்கு ஆண்டுச் சிறை. பிரதமர் சாதோ, அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைக்க முடிகிறது என்றார்.

ஏன் செய்தார் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு.

1. அரசியல் எதிர்ப்பு. இருக்கலாம், ஆனால் சிப்பாய்கள் வரமாட்டார்கள் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. முன்கூட்டியே இரு பத்திரிகையாளர்களை அருகில் வரவழைத்து, அறிக்கையின் நகலும் படங்களும் கிடைக்க ஏற்பாடு செய்திருந்தார். வெற்றியை நம்பியவர் செய்யும் ஏற்பாடு அல்ல இது.
2. உடலும் அழகும். 1968-ல் வந்த 'சூரியனும் எஃகும்' நூலில், சொற்கள் உடலை அரித்துவிட்டன என்றும், வலுவான உடலுக்கே வீர மரணம் பொருந்தும் என்றும் வாதிடுகிறார். 45 வயது அவருக்குக் கடைசி எல்லையாகத் தோன்றியிருக்கிறது.
3. மொரிதாவோடு சேர்ந்த காதல் தற்கொலை. பலகாலமாக உலவும் பேச்சு, ஆதாரம் இல்லை.

என் கணிப்பில் இரண்டாவதே அடிப்படை; முதலாவது அதற்கு ஒரு பொதுக் காரணத்தைக் கொடுத்தது. தன் மரணத்துக்கு அர்த்தம் வேண்டும் என்று தேடியவர், தான் உண்மையாகவே நம்பிய அரசியலை அதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இதில் அதிகம் பேசப்படாதவர் மொரிதா. அவருக்கு 25 வயது. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரை நம்பி வந்த மாணவர். மிஷிமாவின் மரணத்தை ஒரு கலைப்படைப்பாக ரசித்து எழுதும் கட்டுரைகளில் இந்த இளைஞர் ஓர் அடிக்குறிப்பாகிவிடுகிறார். இன்னொரு உயிரையும் மூன்று இளைஞர்களின் வருடங்களையும் கேட்டு வாங்கிய ஒரு செயலை அழகு என்ற அளவுகோலால் அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இடத்தைப் பற்றி ஒரு தகவல். அந்தக் கட்டடத்தின் மண்டபத்தில்தான் 1946 முதல் 1948 வரை டோக்கியோ போர்க்குற்ற விசாரணை நடந்தது. நீதிபதிகளில் நம் ராதாபினோத் பாலும் ஒருவர். இன்று ஜப்பானின் பாதுகாப்பு அமைச்சகம் இருப்பது அதே வளாகத்தில். பழைய கட்டடத்தின் ஒரு பகுதியைப் பாதுகாத்திருக்கிறார்கள். தளபதி அறையின் கதவில் மிஷிமாவின் வாள் பட்ட வடுக்களைப் பார்வையாளர்கள் பார்க்கலாம்.

## பின்விளைவுகள்

அரசியலில்: உடனடி விளைவு எதுவும் இல்லை. 1947 சட்டத்தில் இன்றுவரை ஒரு சொல்கூட மாறவில்லை. அதேசமயம், மொரிதாவின் மரணம் உலுக்கிய பழைய நண்பர்களிடமிருந்து 1970-களில் 'புதிய வலது' என்ற போக்கு பிறந்தது. நவம்பர் 25 நினைவுக்கூட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. பிரிவு 9 விவாதம் வேறு பாதையில் போயிற்று: 2014-ல் அமைச்சரவை அதற்கு விரிந்த விளக்கம் கொடுத்தது, 2015-ல் புதிய பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன, 2022-ல் பாதுகாப்புச் செலவைப் பெரிய அளவில் உயர்த்த முடிவானது. இவை அனைத்தும் அமெரிக்கக் கூட்டணிக்குள் நடப்பவை. மாடத்திலிருந்து மிஷிமா கேட்டது இதுவல்ல. அமெரிக்காவின் கூலிப்படையாக ஆகிவிடாதீர்கள் என்பது அவருடைய அறிக்கையின் எச்சரிக்கைகளில் ஒன்று. சட்டத்திருத்தம் கோருகிறவர்கள் அவரைத் துணைக்கு அழைக்கும்போது இந்தப் பகுதி காணாமல் போகிறது.

சட்டத்தில்: அந்தரங்க உரிமை வழக்கோடு நிற்கவில்லை. 1998-ல் ஒரு எழுத்தாளர் மிஷிமாவோடு தனக்கிருந்த உறவைச் சொல்லும் நூலில் அவருடைய கடிதங்களைச் சேர்த்தார். குடும்பம் வழக்குப் போட்டு நூலை நிறுத்தியது. தனிப்பட்ட கடிதத்துக்கும் எழுதியவரின் பதிப்புரிமை உண்டு என்பது ஜப்பானில் அழுத்தமாக நிலைபெற இந்த வழக்கும் காரணம். முகமூடியைப் பற்றி ஒரு நாவலே எழுதியவரின் பாலியல்பு, இறந்தபின் பல பத்தாண்டுகள் பொதுவில் பேசத் தயங்கும் விஷயமாக இருந்தது. அவரைப் பற்றி 1985-ல் வந்த அமெரிக்கத் திரைப்படம் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வராமல் போனதற்கும் இந்தத் தயக்கம் ஒரு காரணம். 'தேசப்பற்று' படத்தின் பிரதிகளும் அழிக்கப்பட்டதாகவே நம்பப்பட்டது. மூலச்சுருள் 2005-ல் வெளியே வந்தது.

இலக்கியத்தில்: 1963-ல் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்பது பின்னாளில் ஆவணங்கள் திறக்கப்பட்டபோது உறுதியானது. 1968-ல் பரிசு அவருடைய வழிகாட்டி யசுனாரி கவாபாட்டாவுக்குப் போனது. மிஷிமாவின் இறுதிச் சடங்கைத் தலைமையேற்று நடத்தியவரும் கவாபாட்டாதான். யமனகா ஏரிக்கரையில் 1999 முதல் மிஷிமாவுக்கு ஓர் இலக்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் பெயரில் 1988 முதல் ஓர் இலக்கியப் பரிசு வழங்கப்படுகிறது.

## எதைப் படிக்கலாம்?

'பொற்கோயில்' முதலில். அரசியல் எதுவும் தெரியாமலே படிக்கலாம், அப்படிப் படிப்பதே நல்லது. அடுத்து 'ஒரு முகமூடியின் ஒப்புதல்'. 'சூரியனும் எஃகும்' கடைசிக்கு இருக்கட்டும்; அதை முதலில் எடுத்தால் மற்ற எல்லாவற்றின் மேலும் அந்த மரணத்தின் நிழல் விழுந்துவிடும். 'வளமைக் கடல்' வரிசையை எடுத்தால் நான்கையும் முறை மாறாமல் படிக்க வேண்டும். இரண்டாவதோடு நிறுத்துகிறவருக்கு இசாவோவின் மரணம்தான் மிஷிமாவின் கடைசி வார்த்தை என்று தோன்றும். நினைவுக்கூட்ட மேடைகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பின்னும் இரண்டு நாவல்கள் எழுதி, அந்த மரணம் நடந்ததா என்றே சந்தேகப்பட வைத்தவரும் அதே மிஷிமாதான்.